புரோமும் பீள்கொடுகெயும்

சிரிப்பதற்கென்றே எடுத்த ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவர்கள் நம் விடுதிகளில் எத்தனை பேர் இருப்பார்களோ, தெரியாது. நான் ஒருத்தி கிடந்தேன். "பௌதிகத்தில் ஏதாவது எளிமையாக எழுதித் தாருங்கள்" என்று கேட்ட பத்திரிகைக் குழுவினரின் சொல்லைத் தட்டிவிட்டு இதை எழுதத் துணிந்ததற்கு அதுதான் காரணம். பௌதிகம் எங்கும் ஓடிவிடாது. அடுத்த இதழுக்கும் இருக்கும்.

நாடகம் என்றது, கைபேசியில் பார்க்கும் தொடர் நாடகம். 'நெவர் ஹேவ் ஐ எவர்' என்று பெயர். 2020 ஏப்ரலில் நெட்பிளிக்ஸில் தொடங்கி 2023 ஜூனில் நாலாவது பருவத்தோடு முடிந்தது. மொத்தம் 40 பகுதிகள். உங்களில் பலர் அது வந்த சூட்டோடேயே பார்த்து முடித்து, மறந்தும் போயிருப்பீர்கள். நான் எதற்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேருவேன். சென்ற மாதம், என் ஊர்ச் சிநேகிதி மூன்று நாள் என் அறையில் தங்க வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். அவள் ஏன் வந்தாள் என்பதைப் பிற்பாடு சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஷெர்மன் ஓக்ஸ் என்ற பகுதி. அங்கே தேவி விஸ்வகுமார் என்று ஒரு தமிழ்ப் பெண், பள்ளி மாணவி. தகப்பனார் திடீரென்று காலமாகிவிடுகிறார். அதுவும் எப்படி? பள்ளிக்கூடத்துக் கச்சேரியில் மகள் ஹார்ப் வாசித்துக்கொண்டிருக்க, சபையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிடுகிறார். அந்த அதிர்ச்சியில் பெண்ணின் கால்கள் சில மாதம் நடக்க மறுக்கின்றன. இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. தேவிக்கு மூக்கின்மேல் கோபம். வாய் ஓயாது. ஒரு தப்புச் செய்வாள். அதை மறைக்க அதைவிடப் பெரியதாக இன்னொன்று செய்வாள். பள்ளியின் அழகன் பாக்ஸ்டனுக்கும், மார்க்குக்கு மார்க் போட்டி போடும் பென்னுக்கும் நடுவே அவள் மனசு ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும். எலினார், பேபியோலா என்று உயிர்த் தோழிகள் இரண்டு பேர். கதையை நமக்குச் சொல்லிக்கொண்டு போகிறவர் யார் தெரியுமா? டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோ! தகப்பனாருக்குப் பிடித்த ஆட்டக்காரர் என்பதால் அந்த ஏற்பாடு. கோபக்காரப் பெண்ணுக்குக் கோபக்கார ஆட்டக்காரரைச் சூத்திரதாரியாக்கிய அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதை ஆக்கியவர்கள் இருவர்: மிண்டி கேலிங், லாங் பிஷர். மிண்டியின் தகப்பனார் தமிழர். சொக்கலிங்கம் என்ற குடும்பப் பெயரின் நடுவிலிருந்து நறுக்கியெடுத்த துண்டுதான் அந்தக் 'கேலிங்'. தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவின் மிஸ்ஸிஸாகா நகரத்தவர். இலங்கைப் போரினால் அங்கே போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பம். வேஷத்துக்கு விண்ணப்பித்த 15,000 பேரிலிருந்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவர் பள்ளிப் படிப்பை முடித்த பெண். யார்க் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கக் கிடைத்த இடத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு நடிக்கப் போனார். இத்தனை தமிழர்கள் கூடியும் தொடரில் தமிழ் சொற்பமாகத்தான் ஒலிக்கிறது. ஊறுகாய் அளவு. சரி, ஊறுகாயாவது வைத்தார்களே.

தேவிக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். நாலாவது பருவம் பள்ளியின் கடைசி வருஷம். விண்ணப்பம், காத்திருப்பு, காதல், தோழிகளுக்குள் சண்டை என்று எல்லாம் ஒன்றாகக் கொதிக்கிற நேரத்தில் 'புரோம்' வந்து சேருகிறது.

புரோம் என்பது 'புரமனாட்' என்ற சொல்லின் குறுக்கம். உலாப் போவது என்று பொருள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிகளில் முளைத்து, அடுத்த நூற்றாண்டில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இறங்கிய வழக்கம். படிப்பு முடிகிற வருஷத்தில் பையன்கள் கோட்டும் பெண்கள் தரை புரளும் கவுனும் அணிந்து ஜோடி சேர்ந்து ஆடுவார்கள். யார் யாரை அழைப்பது, யார் அழைக்காமல் விட்டது என்பதிலேயே ஆயிரம் படங்கள் எடுத்துவிட்டார்கள். இந்த அழகான கூத்திலும் வேலி போட்டவர்கள் உண்டு. மிசிசிப்பி மாநிலத்துச் சார்ல்ஸ்டன் என்ற ஊரில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒன்று, கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்று என்று இரண்டு புரோம்கள் நடந்துகொண்டிருந்தன. செலவை நான் ஏற்கிறேன் என்று நடிகர் மார்கன் பிரீமன் முன்வந்து, 2008-ல்தான் எல்லாரும் ஒரே கூடத்தில் ஆடினார்கள்.

இதையெல்லாம் நான் பெரிய மேதை போல விளக்கிக்கொண்டிருந்தேன். என் சிநேகிதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அட, நம்ம பீள்கொடுகெதான் புள்ள இது. நம்மது உப்பிட்டோட. அவங்களது உப்பிட்டு இல்லாம" என்றாள்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர், மாதேஸ்வரன் மலை. மலையிறங்கினால் பாலாறு. அங்கே மேட்டூர்ச் சாலையை விட்டுக் காட்டு வழியாக ஒகேனக்கல் திசையில் திரும்பினால் கோபிநத்தம் வரும். பெயரைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் என் மேலுதட்டைப் பார்க்கிறார், மீசை இருக்கிறதா என்று! வீரப்பன் பிறந்த ஊர் அதுதான். 2004 அக்டோபரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது எனக்கு இரண்டு வயது. எங்கள் ஊராருக்கு உதவிகள் செய்து, மாரியம்மன் கோயில் எழும்பவும் துணைநின்று, 1991-ல் அவர் கையாலேயே மாண்ட வன அதிகாரி ஸ்ரீநிவாஸின் படத்தைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் நான் சொல்லப்போகும் கதையில் இவர்கள் இருவருக்கும் வேலையில்லை. துப்பாக்கி இல்லாத கதையும் எங்கள் ஊரில் உண்டு.

கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் முதல் தேதி வரையில் சென்னை ராஜ்யத்துக் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. பிறகு மைசூர் ராஜ்யம். 1997-ல் மைசூர் ஜில்லாவிலிருந்து சாமராஜநகரைப் பிரித்தபோது நாங்களும் அதனோடு போனோம். ஆக, என் தாத்தா திண்ணையைவிட்டு எழுந்திருக்காமலேயே ராஜ்யம் மாறியவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். சண்டை தமிழில் போடுவோம். சமாதானம், மேஷ்ட்ரு முன்னிலையில், கன்னடத்தில் நடக்கும். 'பீள்கொடுகெ' என்பதும் அப்படி வந்த சொல்தான். பிரிவுபசார விழா என்று தமிழில் சொன்னால் எங்களுக்கு யாரோ மந்திரி ஓய்வு பெறுகிற மாதிரி தோன்றும்.

எங்கள் பத்தாம் வகுப்புப் பீள்கொடுகெ 2018 பிப்ரவரியில் நடந்தது. மைதானத்தில் ஷாமியானா. ஊதும்போதெல்லாம் வீறிடுகிற ஒரு மைக். உப்பிட்டும் கேசரிபாத்தும். விடைபெறும் வகுப்பார் பள்ளிக்கு ஒரு நினைவுப் பொருள் தரவேண்டும் என்பது மரபு. எல்லா வருஷத்தாரும் சுவர்க் கடிகாரம்தான் தருவார்கள். தலைமை ஆசிரியர் அறையில் ஐந்தாறு கடிகாரங்கள் தொங்கின. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. நாங்களும் யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு கடிகாரமே வாங்கிக் கொடுத்தோம்.

பெண்கள் அன்று சேலை கட்ட வேண்டும். அதுதான் எங்கள் கவுன். என் அம்மாவிடம் வெளியே கட்டிப்போகத் தகுந்த சேலை இரண்டு இருந்தது. ஒன்று அரக்கு நிறக் கல்யாணப் பட்டு. மற்றொன்று மயில்கழுத்து நிறத்தில் சாதாரணச் சேலை. என் சிநேகிதியின் வீட்டில் அந்த வருஷம் எதுவும் வாங்குகிற நிலையில்லை. நான் கர்ணன் தோற்றான் என்கிற பாவனையில் மயில்கழுத்தை அவளிடம் நீட்டினேன். பட்டு எனக்கு. விழாவன்று பார்த்தால், பட்டு என்மேல் பாய் சுற்றின மாதிரி நிற்கிறது. அவளோ தலையில் ஒரு சாண் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, அந்தச் சாதாரணச் சேலையில் தேர் மாதிரி வருகிறாள். "யாரு புள்ள இது?" என்று ஆசிரியைகளே கேட்டார்கள்.

இதுவரையில் பொறுத்தேன். பிறகு பையன் வந்தான்.

கதை என்றால் ஒரு பையன் வரத்தானே வேண்டும்? பஸ்ஸில் எங்களோடு வருகிறவன், கடைசி வரிசைக்காரன். தினமும் ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்து வைப்பான். நான் வந்ததும் எழுந்து நின்றுகொள்வான். ஒரு வார்த்தை பேசமாட்டான். பேசாமல் இடம் தருகிற பையனைப் பற்றிப் பதினாறு வயதுப் பெண் என்ன நினைப்பாள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அன்று விழாவில் வகுப்பின் சார்பாகப் பேச அவன் மேடையேறினான். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, "எனக்கும் கணக்குக்கும் இருந்த பகையைத் தீர்த்துவைத்த எங்கள் குருவுக்கு" என்று கன்னடத்தில் சொல்லி, என் சிநேகிதியை மேடைக்குக் கூப்பிட்டான். ஷாமியானா கிழியும்படி கைதட்டல்!

அவள் அவனுக்கு மட்டுமா கணக்குச் சொல்லிக்கொடுத்தாள்? பாதி வகுப்புக்கும் சொல்லிக்கொடுத்தாள். எனக்கும்தான். திரிகோணமிதியில் எனக்குத் தெரிந்த அத்தனையும் அவள் போட்ட பிச்சை. ஆனால் அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை. சிநேகிதிகள் கூடி எழுதிக்கொண்டிருந்த ஸ்லாம் புத்தகத்தில் அவன் எனக்கு என்ன எழுதியிருக்கிறான் என்று புரட்டிப் பார்த்தேன். "உங்கள் வீட்டு மீன் வறுவலை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்" என்று எழுதியிருந்தான். காவிரி மீனை வறுத்து அம்மா கட்டிக்கொடுப்பதில் தினமும் இரண்டு துண்டு அவனுக்குப் போகும். ஜன்னலோரத்தின் ரகசியம் அதுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று, எதிரே வந்த என் சிநேகிதியைப் பார்த்து, பத்துப் பெண்கள் நடுவே, "சேலையை அழுக்காக்காமல் நாளைக்கே துவைத்துக் கொடுத்துவிடு. எங்கம்மாவுக்கு வேணுமாம்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேசரிபாத்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள். அன்று சாயங்காலமே, விளக்கு வைக்கிற நேரத்தில், சேலை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. துவைத்திருந்தாள். காயக்கூட இல்லை. ஈரத்தோடு நான்காக மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அதோடு பேச்சு நின்றது. பரீட்சைக்கு ஒரே பஸ்ஸில் போனோம், பேசவில்லை. மே மாதம் முடிவு வந்தது. அவளுக்குக் கணக்கில் நூற்றுக்கு நூறு. எனக்கு எழுபத்தொன்று.

தேவிக்குப் பிரின்ஸ்டன் என்றால் எங்களுக்கு மைசூர். ஏழாம் வகுப்பிலேயே திட்டம் போட்டாகிவிட்டது. பத்து முடிந்ததும் நகரத்தில் பி.யூ.சி. விஞ்ஞானப் பிரிவு, ஒரே விடுதி, ஒரே அறை. பிறகு மைசூரில் பி.எஸ்ஸி. அவள் கணிதம், நான் பௌதிகம். சண்டை வந்ததே தவிர, திட்டத்தை யாரும் ரத்துச் செய்யவில்லை. இருவருமே எதிராளி முதலில் வாய் திறக்கட்டும் என்று இருந்தோம்.

மதிப்பெண் பட்டியல் வாங்கப் பள்ளிக்குப் போனேன். அவள் அன்று வரவில்லை. மேஷ்ட்ரு ஒரு தாளைக் கொடுத்தார். அரசு விடுதிக்கு விண்ணப்பிப்பது பற்றிய அறிவிப்பு. கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. "ஜாதிச் சான்றும் வருமானச் சான்றும் வேணும். நாடகச்சேரியில் இன்றைக்கே எழுதிப்போடு. அவளுக்கும் சொல்லிவிடம்மா" என்றார். நாடகச்சேரி என்றால் தமிழ் நாட்டு நண்பர்கள் கூத்து நடக்கிற இடம் என்று நினைக்கக் கூடாது. நாட கச்சேரி, வருவாய்த் துறையின் உள்ளூர் அலுவலகம். கர்நாடகத்தில் இந்தச் சான்றுகளெல்லாம் அங்கேதான் பிறக்கும். எழுதிப்போட்ட உடனே பிறந்துவிடாது. அப்போது கிராமக் கணக்கர் விசாரிக்க வேண்டியிருந்தது, மேலே போக வேண்டியிருந்தது, கையெழுத்தாக வேண்டியிருந்தது. நாட்கள் ஆகும்.

நான் அன்றே எழுதிப்போட்டேன். தாளை மடித்து, கையிலிருந்த கணக்கு நோட்டுக்குள் வைத்தேன். ஐந்து நாள் அது அங்கேயே இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே விசாரித்துவிட்டேன். அவள் படிக்கக் கூடாது என்று நினைத்தேனா? சத்தியமாக இல்லை. நாளைக்கு அவளாக வந்து பேசுவாள், அப்போது சொல்லலாம் என்று ஒரு நாள் போயிற்று. மறுநாளும் அப்படியே. சொல்லாமல் இருப்பதில் ஒரு சின்ன ருசியும் இருந்தது. அதை மறைத்து எழுதிப் பயனில்லை. ஆறாம் நாள் காலையில் பயம் வந்து ஓடிப்போய்ச் சொன்னேன். "மேஷ்ட்ரு நேத்துத்தான் குடுத்தாரு" என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அந்த நிமிஷமே தகப்பனாரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சான்றுகள் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் கழித்துக் கிடைத்தன.

"விடுதி இல்லாட்டி என்ன மாமா, பஸ்ஸில் போய்வரட்டுமே" என்று அவள் தகப்பனாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர், "பொழுது சாஞ்சா ஆனை நடக்கற ரோடு சாமி. பொம்பளப் புள்ளய எப்படி அனுப்பறது?" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று, பஸ் நிற்கிற இடம் வரை அவள் என்னோடு வந்தாள். பேச்சு அதற்குள் திரும்ப வந்துவிட்டிருந்தது. முன்னைப் போலவேதான் பேசினாள். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவள் ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள். அடுத்த வருஷம் அத்தை ஊரில் தங்கி, அங்கே விஞ்ஞானப் பிரிவு இல்லாததால் கலைப் பிரிவு படித்தாள். திரும்பி வந்து, சாயங்காலத்தில் திண்ணையில் பிள்ளைகளைச் சேர்த்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். இன்றும் கொடுக்கிறாள். பதினைந்து பிள்ளைகள். கையில் காசு சேர்ந்ததும் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர்ந்தாள். ஒரு காலத்தில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் தபால் கல்விப் பிரிவாக இருந்து, 1996-ல் தனிப் பல்கலைக்கழகமானது அது. நம் மானசகங்கோத்ரிக்கு அடுத்த வளாகம் முக்தகங்கோத்ரி; அங்கே தொடர்பு வகுப்புக்காகத்தான் சென்ற மாதம் வந்தாள். ஏழாம் வகுப்பில் போட்ட திட்டப்படி, மைசூரில், ஒரே விடுதியில், ஒரே அறையில் நாங்கள் இருந்தது அந்த மூன்று நாள்.

வார்டன் அம்மாளிடம் அனுமதி வாங்கி, ஒற்றைக் கட்டிலில் இருவரும் படுத்து, கைபேசியைத் தலையணைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தோம். நாலாவது பருவத்தை மட்டும் பார்க்கலாம், முன்கதையை நான் சொல்கிறேன் என்றேன். தேவி வாய் திறக்கும்போதெல்லாம் அவள் என்னைக் கிள்ளி, "உன்னை மாதிரியே ஒரு புள்ள, எங்கிருந்து புடிச்சாங்க?" என்று சிரித்தாள். கவுன்களைப் பார்த்துவிட்டு, "இத்தனை துணி வாங்கியும் தோள்பட்டைக்குப் பத்தலையே" என்றாள். அடுத்த அறைக்காரிகள் கதவைத் தட்டுகிற அளவுக்குச் சிரித்தோம்.

பிரின்ஸ்டனிலிருந்து பதில் வருகிறது. ஆசைப்பட்ட தேவிக்குக் காத்திருப்போர் பட்டியல். தோழி பேபியோலாவுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. தேவியால் தாங்க முடியவில்லை. உயிர்த் தோழிமேல் எரிந்து விழுகிறாள். எனக்கு அதற்குமேல் பார்க்க முடியவில்லை. நிறுத்தினேன்.

"என்ன புள்ள, நெட் போச்சா?"

"இல்ல. ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். ஒன்பது நாள், ஐந்து நாள், கணக்கு நோட்டு, நேற்றுத்தான் கொடுத்தார் என்ற பொய், எல்லாவற்றையும் சொன்னேன். இருட்டாக இருந்தது நல்லதாயிற்று. அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அது யாரு நோட்டு? என்னுதுதான? பரீட்சைக்கு முன்னாடி வாங்கிட்டுப் போனது. பெட்டி கட்டறப்ப உங்கம்மாகிட்டக் குடுத்து எங்க வீட்டுக்கு அனுப்பிச்சியே. தாளு உள்ளயேதான் இருந்துச்சு. மேஷ்ட்ரு கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டிருந்தாரு."

ஏழு வருஷம்! ஏழு வருஷமாக ஒவ்வொரு பண்டிகைக்கும் நான் ஊருக்குப் போகிறேன். அவள் வீட்டில் சாப்பிடுகிறேன். என் மார்க்கைச் சொன்னால் முகம் மலர்ந்து கேட்டுக்கொள்கிறாள்.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டுட்டு? அப்புறம் யாரு கூடப் பேசறது? ஊருல வேற யாரு இருந்தா எனக்கு?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை; கேட்கிற துணிச்சல் வரவில்லை. சற்றுப் பொறுத்து அவளே, "அந்தச் சேலைய உங்கம்மா மறுபடி துவைச்சாங்களா?" என்றாள்.

"துவைச்சாங்க."

"நெனைச்சேன். அவசரத்துல சோப்பு சரியாப் போகல." பிறகு என் பக்கம் திரும்பிப் படுத்து, "ம், போடு. அவ அந்தக் காலேஜுக்குப் போறாளா இல்லையான்னு பாக்கலாம்" என்றாள்.

போட்டேன். பத்து நிமிஷத்தில் அவள் தூங்கிவிட்டாள். நான் கடைசி வரை பார்த்தேன். பாட்டி கல்யாணம் பண்ணிக்கொள்கிற பகுதி வரை பார்த்தேன். ஒரு சிரிப்பும் வரவில்லை. விடியும்வரை அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

காலையில் அவள் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "போனாளா?"

"போனா. அவங்கப்பாவப் பத்தி உருக்கமா ஒரு கட்டுரை எழுதி அனுப்பினா. எடுத்துக்கிட்டாங்க."

"கட்டுரைக்கா? அப்பாவப் பத்திக் கட்டுரை எழுதினா நாடகச்சேரியில ஒரு ரசீதுகூடத் தரமாட்டாங்க!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு, "அந்தத் தோழிப் புள்ள?" என்றாள்.

"அவ பிரின்ஸ்டன் வேண்டாம்னுட்டா. ஹோவர்டுன்னு வேற ஒரு பல்கலைக்கழகம். அங்க போய் ரோபோ செய்யறதப் படிக்கப் போறா. அவளுக்கு அதுதான் இஷ்டமாம்."

"இஷ்டந்தான?" என்று ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன்.

"சரி, எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு" என்று எழுந்தவள், மேஜைமேலிருந்த என் சீப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, பின்னிவிடச் சொல்லி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.